பூஜை அறைப் படமும் கொல்லையில் கிடைத்த சிலையும்

சட்டம் நமக்குத் துணை

பழைய பித்தளை, வெண்கலம் எடைக்கு எடுப்பவர் நம் ஊர்களுக்குப் புதியவர் அல்ல. ஆனால் சில வருஷங்களாக வாசலில் வந்து நிற்கிறவர்களில் சிலர் தராசு கொண்டு வருவதில்லை. "அம்மா, பழைய சாமி படம் இருக்கா? சின்ன விக்கிரகம் ஏதாவது பரண்ல கிடக்கா?" என்று கேட்கிறார்கள். கையில் நோட்டுக் கட்டு இருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்த விலை நமக்குத் தெரிவதில்லை. சட்டமும் நமக்குத் தெரியாது என்ற தைரியம் அவர்களுக்கு.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கத்திலிருந்து இதைப் பற்றியே நாலு கடிதங்கள் வந்திருக்கின்றன. நாலுக்கும் இந்த இதழில் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியாரின் மாமியார் காலத்து நவநீத கிருஷ்ணன் படம் ஒன்று இருக்கிறது. பலகைப் படம், கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டம் அடித்தது. என் வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன் செய்யணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் பணம் இல்லை. போன வாரம் ஒருத்தர் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "இருபதாயிரம் தரேம்மா. ரசீது கிசீது ஒண்ணும் வேணாம். ராத்திரி வண்டி எடுத்துட்டு வந்து தூக்கிக்கறேன்" என்கிறார். மாமியார் ஒரு பக்கம் அழுகிறார். விற்றால் குற்றமா? — ஒரு வாசகி, பாபநாசம்.

பதில்: சகோதரி, உங்கள் சொந்தப் பொருளை இந்தியாவுக்குள் விற்பது குற்றமில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் இவரிடம், இந்த முறையில் விற்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

1972-ல் பழம்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. 1976 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 100 வருஷத்துக்குக் குறையாத சிலை, ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் இந்தச் சட்டப்படி பழம்பொருள். அறிவியல், சரித்திரம், இலக்கியம் என்று மதிப்புள்ள சுவடிகளுக்கு 75 வருஷமே போதும். இது ஒவ்வொரு வருஷமும் நகருகிற கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. 1925-ல் கல்யாணச் சீராக வந்த படம் நேற்று வரை வெறும் படம். 2025-ல் அது பழம்பொருள் ஆகிவிட்டது. உங்கள் மாமியாரின் மாமியார் காலம் என்றால் உங்கள் படமும் அந்த எல்லையைத் தாண்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அப்படியானால் இரண்டு கடமைகள் உங்களுக்கு உண்டு. கல், உலோகம், மரம், தந்தம் இவற்றாலான சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் அதற்கென்று உள்ள பதிவு அதிகாரியிடம் பதிவு செய்து சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தோடு பொருளின் போட்டோவும் கொடுக்க வேண்டும். கை மாறும்போது, யாருக்குக் கொடுத்தோம் என்பதையும் அவரிடம் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பொருளையும் பறிமுதல் செய்யலாம். பதிவு செய்தால் சர்க்கார் பொருளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு செய்த பிறகும் படம் உங்கள் பூஜை அறையில்தான் இருக்கும், விளக்கு ஏற்றிக் கும்பிடலாம். அபூர்வமாக ஒரு பொருளைப் பொது இடத்தில் பாதுகாக்க வேண்டும் என்று அரசு கருதினால் எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு, அதற்கு நஷ்ட ஈடு தர வேண்டும்.

இனி உங்கள் வாசலில் நிற்கிறவரைப் பாருங்கள். பழம்பொருள் வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் கணக்கு எழுதி வைக்கக் கடமைப்பட்டவர். அவர் ஏன் ராத்திரியில் வருகிறார்? ரசீது வேண்டாம் என்பது உங்களுக்குச் செய்கிற சலுகை இல்லை, அம்மா. நாளைக்குப் படம் எங்கேயாவது பிடிபட்டால், "எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்கு அவரிடம் ஒரு காகிதமும் இருக்காது. விசாரணை மட்டும் உங்கள் வாசலுக்கு வரும்.

அடுத்தது, படம் யாருடையது? மாமியாருக்குப் பிறந்த வீட்டுச் சீராகவோ அன்பளிப்பாகவோ வந்திருந்தால் அது அவருடைய ஸ்திரீதனம். அவர் சம்மதம் இல்லாமல் மகனோ மருமகளோ விற்க முடியாது. குடும்பச் சொத்தாக வந்தது என்றால் கொழுந்தனார், நாத்தனார் எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கலாம். அவர்கள் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அழுகிற மாமியாரை உட்கார வைத்து முதலில் பேசுங்கள். மகன் உயிருக்காக என்று அவரே மனசார எடுத்துக் கொடுப்பது வேறு, ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் காலியாவது வேறு.

விற்றே ஆக வேண்டுமென்றால், பகலில், லைசென்ஸ் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று இடத்தில் விலை விசாரித்து, பணத்தை பாங்கி மூலம் வாங்கி, ரசீதில் படத்தின் அளவும் விவரமும் எழுதிக் கொடுங்கள். அப்போது இருபதாயிரம் சரியான விலைதானா என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது சரியான விலையாக இருக்காது.

அதற்கும் முன்னால் ஒன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இருக்கிறதா? குடும்பத்துக்கு வருஷத்தில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவி உண்டு. இருதய ஆபரேஷன்களும் அதில் அடக்கம். அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு நாளைக்கே கலெக்டர் ஆபீஸுக்குப் போய் விசாரியுங்கள். கிருஷ்ணன் சுவரிலேயே இருந்துவிட வழி இருக்கலாம்.

கேள்வி: கொல்லையில் கக்கூஸ் குழி தோண்டும்போது மண்வெட்டியில் டங் என்று பட்டது. எடுத்துப் பார்த்தால் முக்கால் முழத்தில் அம்மன் விக்கிரகம். எங்க வீட்டுக்காரர், "வெளியில மூச்சு விடாதே, போலீஸ் கேஸாயிடும்" என்று சாக்கில் சுற்றி நெல் குதிருக்குள் வைத்திருக்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வலங்கைமான்.

பதில்: போலீஸ் கேஸ் ஆவது குதிருக்குள் வைத்தால்தான், சொன்னால் அல்ல. இதை உங்கள் வீட்டுக்காரரும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், மதிப்பு சுமார் எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்ற விவரங்கள் போதும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதற்கு ஜாமீன் கொடுக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. கிடைக்கக்கூடிய பங்கும் போய்விடும்.

பங்கா என்று கேட்பீர்கள். ஆமாம். விசாரித்த பின் அந்தப் புதையலுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. இருவருக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது இந்தக் கணக்கு. பொருளை அரசே வைத்துக்கொண்டால் அதற்குரிய தொகையைத் தர வேண்டும். ஆனால் ஆசைக்காக ஒன்றை மறைக்கக் கூடாது. அது ஒரு கோயிலின் விக்கிரகம் என்று நிரூபணமானால் கோயிலுக்குத்தான் போகும். படையெடுப்புக் காலங்களில் நம் பக்கத்துக் கோயில்களில் விக்கிரகங்களை மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றினார்கள். அவைதான் இன்று கொல்லையிலும் வயலிலும் தலைகாட்டுகின்றன.

இந்த மாதிரி கிடைத்த சிலை ஒன்று லண்டன் கோர்ட் வரை போன கதையைக் கேளுங்கள். திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில், 1976-ல் ஒரு கூலித் தொழிலாளி குடிசைக்குப் பக்கத்தில் மண் வெட்டும்போது நடராஜர் விக்கிரகம் கிடைத்தது. அவர் கலெக்டரிடம் போகவில்லை. சொற்பப் பணத்துக்குக் கை மாறியது. கை மாறி, கை மாறி 1982-ல் லண்டனில் கனடா நாட்டு எண்ணெய்க் கம்பெனி ஒன்று அதை இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கியது. சுத்தம் செய்யப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பியபோது லண்டன் போலீஸ் பிடித்துக்கொண்டது. கம்பெனி வழக்குப் போட்டது. எதிரில் நின்றது யார் தெரியுமா? இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் மட்டுமல்ல, பத்தூர் விஸ்வநாத சுவாமி கோயிலும்தான். நம் சட்டத்தில் கோயில் தெய்வம் ஒரு நபரைப் போலச் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்கு நடத்தலாம். இடிந்து கிடந்த அந்தச் சோழர் காலத்துக் கோயிலின் உரிமையை ஆங்கிலேய நீதிபதிகளே ஏற்றார்கள். 1988-ல் தீர்ப்பு வந்தது, 1991-ல் அப்பீலிலும் உறுதியானது, அதே வருஷம் நடராஜர் நாடு திரும்பினார்.

அந்த வழக்கில் சாட்சி சொன்னவற்றில் ஒன்று மண். சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும், பத்தூரில் உடன் கிடைத்த மற்றவற்றில் இருந்தவற்றோடு நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதனால் உங்களுக்கு நான் சொல்வது, விக்கிரகத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதி போட்டுத் துலக்கவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணோடு அப்படியே இருக்கட்டும். குழியையும் மேற்கொண்டு தோண்டாதீர்கள், கூட இன்னும் சில இருக்கலாம். நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, தாசில்தார் மூலமாகக் கலெக்டருக்கு எழுதிக் கொடுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கிடைத்த தேதியை மாற்றி எழுதவும் வேண்டாம். பயத்தில் சில நாள் வைத்திருந்தோம் என்று உண்மையையே சொல்லுங்கள். சட்டம் பயந்தவரையும் திருடினவரையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஆனால் நாள் ஆக ஆக வித்தியாசத்தை நிரூபிப்பது கஷ்டம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் பெண்ணுக்குக் கிரகப்பிரவேசம். எங்க அம்மா எனக்குக் கொடுத்த சின்னப் பஞ்சலோகப் பிள்ளையாரையும் ராமர் பட்டாபிஷேகப் படத்தையும் கையோடு கொண்டு போய்க் கொடுக்கலாம் என்று ஆசை. நம்ம வீட்டுப் பொருளை நம்ம பெண்ணுக்குத் தருவதற்கு யார் கேட்கப் போகிறார்கள்? — ஒரு தாய், மன்னார்குடி.

பதில்: ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் கேட்பார், அம்மா. பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப மத்திய அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும்தான் உரிமை. தனி ஆள் கொண்டு போக முடியாது. விற்பதற்கில்லை, அன்பளிப்பு, பரம்பரைச் சொத்து என்று சொல்வதெல்லாம் செல்லாது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. பிள்ளையாரும் பறிமுதலாகி விடுவார். கிரகப்பிரவேசத்துக்குப் போகிற இடத்தில் இது தேவையா?

பொருள் 100 வருஷத்துக்கு உட்பட்டதாக இருந்தால் தடையில்லை. ஆனால் பார்க்கப் பழசாகத் தெரிகிற எதற்கும், "இது பழம்பொருள் அல்ல" என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் அதன் அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. பொருளை நேரில் காட்ட வேண்டியிருக்கும், போட்டோவும் கேட்பார்கள். பயணத் தேதிக்கு நிறைய நாள் முன்னாலேயே போங்கள். பழம்பொருளா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அந்தத் துறைத் தலைவர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரி சொல்வதே முடிவு. பரம்பரைக் குத்துவிளக்கு, தவலை, சொம்பு, மரச் செதுக்கல் எதுவானாலும் இதே விதிதான்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் மெழுகில் உருச் செய்து, காவிரி வண்டலைப் பூசி, பஞ்சலோகத்தில் வார்க்கிறார்கள். தஞ்சாவூரில் புதுப் படமும் அருமையாகச் செய்கிறார்கள். புதுப் பிள்ளையாரை வாங்கி, தேதி போட்ட பில்லோடு பெண்ணுக்குக் கொண்டு போங்கள். அம்மா கொடுத்த பிள்ளையார் மன்னார்குடியிலேயே இருக்கட்டும். பேத்தி லீவுக்கு வரும்போது கும்பிட ஒரு இடம் வேண்டுமே!

கேள்வி: மகள் கல்யாணச் சீருக்கு ஒரு பழைய தஞ்சாவூர்ப் படம் பார்த்தோம். கடைக்காரர் 150 வருஷத்துப் படம், சரபோஜி மகாராஜா காலத்து வேலை என்று பெரிய விலை சொல்கிறார். நம்புவதா? — ஒரு வாசகி, தஞ்சாவூர்.

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். கலைகளை வளர்த்த இரண்டாம் சரபோஜி காலமானது 1832-ல். இன்றைக்கு 150 வருஷம் பின்னால் போனாலும் அவர் காலம் வராது! கடைக்காரர் சொல்கிற இரண்டில் ஒன்றாவது தப்பு.

தஞ்சாவூர்ப் படம் என்பது பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பொடியும் பசையும் பூசி, மேடு கட்டி, தங்க ரேக்கும் கல்லும் பதித்துச் செய்வது. இதற்குப் புவிசார் குறியீடு உண்டு. முறை இன்றைக்கும் அதேதான் என்பதால், புதுப் படத்தைப் புகை காட்டிப் பழசாக்கி விற்கிறவர்களுக்கும் வசதியாகப் போய்விட்டது. கண்ணால் பார்த்து நாம் கண்டுபிடிப்பது சிரமம். காகிதத்தைத்தான் கேட்க வேண்டும். உண்மையிலேயே 150 வருஷம் என்றால், பதிவுச் சான்றிதழ் எங்கே? வியாபார லைசென்ஸ் எங்கே? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் படத்தின் வயசு சட்டென்று குறைந்தால் ஆச்சரியப்படாதீர்கள்!

காகிதம் காட்டினாலும் அது சரியானதுதானா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சேலம் என்கிற ஊரில் உள்ள பீபாடி எசெக்ஸ் மியூசியம் 2006-ல் ஒரு தஞ்சாவூர் ஓவியத்தை 35,000 டாலருக்கு வாங்கியது. சரபோஜி மன்னரும் மகன் சிவாஜியும் உள்ள படம். விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். அது நம் ஊர் சரஸ்வதி மகாலில் இருந்து போன படம் என்று பிறகு தெரிந்தது. 2015-ல் அந்த மியூசியம் படத்தை அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. இதே கபூரிடம் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய நடராஜர், ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடியது. காட்டிய காகிதமெல்லாம் போலி. 2014-ல் சிலை திரும்பி வந்தது. கபூர் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு வருஷம் இங்கே கொண்டு வரப்பட்டார். உடையார்பாளையம் பக்கத்து வரதராஜப் பெருமாள் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் கோர்ட் பத்து வருஷச் சிறை விதித்தது. வல்லுநர்கள் நிறைந்த மியூசியங்களே ஏமாந்த இடத்தில் நாம் நிதானமாக இருப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் அதுவே குற்றம், மூன்று வருஷம் வரை சிறை உண்டு. அடிமாட்டு விலையும் ரசீது மறுப்பும் சந்தேகத்துக்குப் போதுமான காரணங்கள். பழசு என்று பில்லில் எழுதிக் கொடுத்துப் புதுசை விற்றிருந்தால், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பில்லில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்ன வயசு கோர்ட்டில் நிற்காது.

என் யோசனை, மகளுக்கு நல்ல கைவினைஞரிடம் புதுப் படமாகவே செய்யச் சொல்லிக் கொடுங்கள். நூறு வருஷம் கழித்து அவள் பேத்தி அதைப் பழம்பொருள் என்று பதிவு செய்யட்டும்.

எல்லாருக்கும் பொதுவாகச் சில வார்த்தை

வீட்டில் உள்ள பழைய படம், விக்கிரகம், சுவடி ஒவ்வொன்றையும் முன்புறமும் பின்புறமும் போட்டோ எடுங்கள். நீளம், அகலம், உயரம், எடை, எங்கே விரிசல், எங்கே கல் விழுந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் வழியாக வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் கையெழுத்தோடு எழுதி வையுங்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜர் நம்முடையவர் என்று காட்ட உதவியது, பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த போட்டோதான்.

மெருகு போட, பழுது பார்க்க எதையும் கொடுத்தால், கொடுப்பதற்கு முன்பும் வாங்கும்போதும் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிவபுரம் நடராஜர் 1950-களில் பழுது பார்க்கப் போனார். திரும்பி வந்தது நகல். அசல் சிலையை 1973-ல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்பவரின் அமைப்பு 9 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. வழக்குக்குப் பின் 1986-ல்தான் நாடு திரும்பினார்.

ஊர்க் கோயில் விக்கிரகத்தைப் பாதுகாப்புக்காக என்று உங்கள் வீட்டில் வைத்திருந்தால், எத்தனை தலைமுறை ஆனாலும் அது கோயிலுடையதுதான். அறநிலையத் துறைக்கு எழுதித் தெரிவித்து, நகலுக்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகப்படும்படி யாராவது ஊரில் சுற்றினால் போலீஸில் சொல்லுங்கள். சிலைத் திருட்டுக்கென்றே 1983 முதல் தமிழ்நாட்டுப் போலீஸில் தனிப் பிரிவு இருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். 1987-ம் வருஷச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

பாபநாசம் சகோதரிக்கு மறுபடியும் ஒரு வார்த்தை. அந்த மனிதர் திரும்ப வந்தால், "பகல்ல வாங்க, லைசென்ஸைக் கொண்டு வாங்க, ரசீது போட்டுக் கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சட்டம் தெரிந்த வீடு என்று தெரிந்தால், பெரும்பாலும் அவர் மறுபடி வரமாட்டார். உங்கள் வீட்டுக்காரர் குணமாகி வீடு திரும்பிய செய்தியை எழுதுங்கள், காத்திருக்கிறேன்.